அறிவிப்புதானே, ஆர்டர் இல்லையே

மரிய அருண் மூன்றாவது முறை கூப்பிட்டபோது நான் அம்மாவுக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். "கெளம்பு ஜெர்லின். துணியெல்லாம் விடு. பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு இப்பவே சென்னைக்குக் கார் புடி. ஞாயித்துக்கிழமைக்கு மேல வேலை விசாக்காரங்க யாரும் உள்ள வர முடியாதாம். அதிபர் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார் என் கணவர். அவர் குரலுக்குப் பின்னால், நியூஜெர்சி வீட்டில், ஜெஸ்வின் கார்ட்டூன் பார்த்துச் சிரிப்பது கேட்டது. நாலு வயது. அம்மாவின் பித்தப்பை ஆபரேஷனுக்காக அவனை அப்பனிடம் விட்டுவிட்டு புதுச்சேரி உப்பளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு லீவில் வந்திருந்தேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேனே, என்னைச் சொல்லணும். என் அப்பா பிரகாசம் நம் சட்டசபைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்தச் சபையும் தனக்குத் தெரிந்த சபைதான் என்று நினைப்பு.

"அறிவிப்புதானேம்மா? ஆர்டர் இல்லையே! சபையில வெக்காம, விவாதம் பண்ணாம, தனி ஆளு ஒரு கையெழுத்துல கதவ மூடிட முடியுமா? நம்ம ஊருல மாநில அந்தஸ்துக்கு எத்தினி தரம் தீர்மானம் போட்டாச்சு, வந்துச்சா? இதுவும் ஆறு மாசம் ஆவும். ஞாயித்துக்கிழமை வில்லியனூர் மாதா தேரு. இருந்து பாத்துட்டுப் போ."

புதுச்சேரியில் பிறந்த எவருக்கும் அது நியாயமாகத்தான் படும். இங்கே ஒரு அறிவிப்பு வந்தால், கோப்பு மேலே போனதா, திரும்பி வந்ததா, என்ன குறிப்பு எழுதினார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சந்தோஷப்படவோ பயப்படவோ ஆரம்பிப்போம். அம்மா வேறு கையைப் பிடித்துக்கொண்டாள். தேர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இருந்துவிட்டேன்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள், விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் "சாரி மேடம்" என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அது சித்திரை. இப்போது ஐப்பசி மழை. வீட்டுக்கு வந்த அன்று அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்றிலிருந்து எங்கள் டிவியில் சீரியல் ஓடுவதில்லை, அமெரிக்கச் சபைதான் ஓடுகிறது. பாதி இங்கிலீஷ் அவருக்குப் புரியாது. ஓட்டெடுப்பு மட்டும் புரியும். அம்மா கடைக்குப் போனால், பொண்ணு வாழாம வந்துட்டாளா ஸ்டெல்லாமேரி என்று கேட்கிறார்களாம். ஜெஸ்வின் முதலிலெல்லாம் போனைப் பிடுங்கி, "அம்மா, எப்ப வர்ற?" என்பான். இப்போது ஒரு ஹாய், அவ்வளவுதான், ஓடிவிடுகிறான்.

இன்று காலையில் அப்பா கத்திய கத்தலில் பக்கத்து வீடே எட்டிப் பார்த்தது. "பாஸாயிடுச்சும்மா! தடைய ரத்து பண்ணச் சொல்லி ரெண்டு சபையிலயும் பாஸாயிடுச்சு!" நான் வாயைத் திறப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு ஓடிவிட்டார். வஞ்சிரத்தோடு திரும்பினார். அம்மா அதற்குள் என் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தாள்.

"அப்பா, அதுக்கும் அவரு கையெழுத்துப் போடணும்" என்றேன்.

"யாரு?"

"அதே ஆளுதான். போட மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டாரு."

"போடலன்னா?"

"ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அவ்ளோ இல்லப்பா."

மீன் பையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது. "அப்ப சபைன்னு ஒண்ண எதுக்கும்மா வெச்சிருக்கானுங்க?" என்றார். திட்ட வேண்டும் போலிருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. அம்மா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போன் ஒலித்தது. மரிய அருண் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஜெஸ்வின் தூங்குகிறான். கால் நீண்டுவிட்டது. அங்கே குளிர் தொடங்கிவிட்டது, போர்வை கெண்டைக்காலோடு நின்றுபோய்ப் பாதம் இரண்டும் வெளியே கிடந்தன. போன் திரையில் இரண்டு விரலை வைத்துப் போர்வையைக் கீழே இழுத்தேன். பாதம்தான் பெரிதாகிக்கொண்டே வந்தது.