தலை வழியே போன தண்ணீர்

எனக்குப் பைத்தியம் என்று முதலில் கண்டுபிடித்தவன் என் மச்சினன். பரளச்சியில் எனக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அறுபத்தேழில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளில், மழை வரும் என்று சொல்லிச் சோளம் விதைத்தேன். மூன்றாம் நாள் என்னைக் கயிற்றால் கட்டி, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே இருந்த தங்கசாமி வைத்தியரின் வைத்தியசாலையில் கொண்டுபோய் விட்டான். நான்காம் நாள் மழை பெய்தது. சோளத்தை மச்சினனே அறுத்துக்கொண்டான்.

சாலையில் பதினேழு பேர் இருந்தோம். வைத்தியம் ரொம்ப எளிது. விடிந்ததும் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, கிணற்றடிக் கல்லில் உட்காரவைத்து, ஆளுக்கு முப்பது குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இறைப்பதும் நாங்கள்தான், ஊற்றுவதும் நாங்கள்தான். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, இரண்டு ஆள் உயர மதிலுக்கு அடியில் நுழைந்து, வைத்தியரின் வாழைத்தோட்டத்துக்குப் போகும். ஐப்பசியில் மழை பிடித்தால் எங்கள் பைத்தியம் குறைந்துவிடும். பத்துக் குடம் போதும் என்பார். பங்குனியில் முற்றிவிடும். வெள்ளாமை பார்க்கிற சம்சாரி என்பதால் எனக்கு இது சீக்கிரம் விளங்கியது. விளங்கியதைச் சொன்னேன். அன்று எனக்கு அறுபது குடம்.

மறு வருஷம் மழை பொய்த்தது. ஊர்க்கூட்டம் போட்டு, இனி எந்தக் கிணற்றிலிருந்தும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக்கூடாது, எல்லாம் குடிதண்ணீருக்கே என்று முடிவு செய்தார்கள். வைத்தியர் எழுந்து, "பாய்ச்சலுக்கு நானும் இறைக்க மாட்டேன். வைத்தியத்துக்கு மட்டும் விட்ருங்க" என்றார். நோயாளிகளின் தண்ணீரில் கைவைக்க ஊருக்கு மனசு வரவில்லை. ஆக, நேராக வாழைக்குப் போனால் குற்றம், எங்கள் தலை வழியாகப் போனால் மருந்து. உள்ளே நாலு வாழைதான் நிற்கிறது, கழிவுத் தண்ணீரில் பிழைக்கிறது என்று அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். பைத்தியங்கள் உலாவுகிற தோட்டத்துக்குள் போய்ப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? கிணற்றுப் பக்கத்து முள்வேலிக்கு வெளியே ஊர்ப் பெண்கள் வெறுங்குடத்தோடு நிற்பார்கள். எங்கள் வைத்தியம் போக மிச்சம் அவர்களுக்கு.

எங்களில் ஜோதிலிங்கம்தான் சின்னவன். அருப்புக்கோட்டையில் நெசவு. தலைப்பிரசவத்தில் பெண்டாட்டி செத்துப்போன பிறகு தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்தவன் நெய்யவுமில்லை, பேசவுமில்லை. வீட்டில் பேசுகிற கன்னடமும் போயிற்று, வெளியில் பேசுகிற தமிழும் போயிற்று. ஒரு வருஷமாயிற்று. மாசியில் அவனுக்கு இருமல் பிடித்தது, பங்குனியில் காய்ச்சல். ராத்திரி முழுக்க அவன் நெஞ்சு கரகரத்தது. பைத்தியச் சூடு வெளியேறுகிறது என்றார் வைத்தியர். தோட்டத்தில் வாழை குலை தள்ளியிருந்த சமயம் அது.

அப்போதுதான் பதினெட்டாவது ஆளாகச் சௌந்தரம் அக்கா வந்து சேர்ந்தாள். காரியாபட்டியில் அவள் வீட்டுக்காரருக்கு எண்ணெய்க்கடை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இதுல கலப்படம், வாங்காதீக" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதுதான் அவளுக்கு நோய். வந்த மறுநாளே ஜோதிலிங்கத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஐயாத்துரை தம்பி, இன்னும் பத்து நாள் ஊத்துனா இந்தப் பையன் செத்துப்போவான்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா ஊத்துறே?"

அன்று காலை அவன் தலையில் முப்பது குடத்தையும் ஊற்றியவன் நான்தான்.

மறுநாள் விடிந்தபோது அக்கா குடத்தைத் தொடவில்லை. நான் தொடவில்லை. எங்களோடு சேர்த்துப் பதினாறு பேர் தொடவில்லை. பதினேழாவது ஆளான ஜோதிலிங்கத்தை யாரும் கேட்கவில்லை. அவன் பாட்டுக்கு வழக்கம்போல் கல்லில் போய் உட்கார்ந்தான். மீதி ஒருத்தர் அடுப்படியில் கேப்பைக்கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

வைத்தியர் வந்து பார்த்தார். கோபப்படவே இல்லை. "சரி, உங்களுக்கு வேண்டாம். உங்க எல்லார் பங்கையும் இவனே வாங்கிக்கிடட்டும். இவன் மாட்டேன்னு சொல்லலையே" என்றார். அவருடைய கையாட்கள் இரண்டு பேர் இறைக்க ஆரம்பித்தார்கள்.

பத்தாவது குடத்தில் ஜோதிலிங்கத்தின் உதடு நீலமாயிற்று. சௌந்தரம் அக்கா நேரே நடந்துபோய்க் கல்லில் ஏறி, அவன் தலையைத் தன் மடியில் கவிழ்த்துக்கொண்டாள். தண்ணீர் அவள் முதுகில் விழுந்தது. நாங்களும் போய் நெருக்கியடித்துச் சுற்றி உட்கார்ந்தோம். வேலிக்கு வெளியே பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஊர்ப்பெரியவர் வீரபத்திரன் ஓடிவந்தார்.

வைத்தியர் அவரைப் பார்த்துக் கை விரித்தார். "குணமாகுற நேரத்துல கெடுக்குறாக, பெரியவரே. ஒரு வருசமா வாய் திறக்காத பையன். அவன் பேசுற அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன். இது சத்தியம்."

அக்காவின் மடியிலிருந்து சத்தம் வந்தது.

"குளிருது."

ஜோதிலிங்கம்தான். முதலில் சுதாரித்தவர் வைத்தியர். வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வீரபத்திரன் வைத்தியரைப் பார்த்துக் கும்பிட்டார். வேலிக்கு வெளியே பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் கலகம் அத்தோடு முடிந்து, அவருடைய கைராசி ஆகிவிட்டது.

குணமானவர்களுக்கு அவர் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு சான்றும் கொடுப்பது வழக்கம். சொந்தக்காரர்கள் விரும்பிக் கேட்பதால், சான்றில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'இன்று முதல் இவர் பேசுவதை நம்பலாம்.' கீழே கையெழுத்து, முத்திரை. ஜோதிலிங்கத்தின் அண்ணன் வந்து பழத்தையும் சான்றையும் வாங்கிக்கொண்டு, தம்பியை அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிப் போனார். போகும்போது ஜோதிலிங்கம் அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அவன் பங்கு முப்பது குடம் மிச்சமாகிவிட்டது. வாழைக்கு அது குறையக் கூடாதே. சௌந்தரம் அக்காவுக்கு அறுபது என்று வைத்தியர் சொன்னார். கையாட்களே ஊற்றினார்கள். எங்களை அந்த நேரத்தில் கொட்டகையில் பூட்டிவைத்தார்கள். மூன்று வாரத்தில் அவளுக்கும் அதே இருமல், அதே காய்ச்சல். பூட்டிய கதவைக் குத்திக் குத்தி என் கை வீங்கியதுதான் மிச்சம்.

இதற்கிடையில் ஊமையைப் பேசவைத்த வைத்தியர் என்று டவுனு வரைக்கும் பேச்சு. சித்திரை அமாவாசையன்று நோயாளிகளோடு வண்டி கட்டிக்கொண்டு பதினைந்து குடும்பங்கள் வந்து இறங்கின. காட்டுவதற்காக ஜோதிலிங்கத்தையும் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டி, தோளில் புதுத் துண்டு போட்டு வந்திருந்தான். எங்களையும் திறந்துவிட்டு வரிசையில் உட்காரவைத்தார்கள். அக்கா என் மேல் சாய்ந்திருந்தாள். உடம்பு கொதித்தது.

வைத்தியர் கூட்டத்துக்கு நடுவே நின்று, "சொல்லுய்யா, உனக்கு எதுனால குணமாச்சு?" என்றார்.

ஜோதிலிங்கம் மடியிலிருந்து சான்றை எடுத்தான். வீரபத்திரனிடம் கொடுத்து, "சத்தமா வாசிங்கய்யா" என்றான். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். கடைசி வரியில் வைத்தியர் பெருமையாகத் தலையாட்டினார்.

ஜோதிலிங்கம் சொன்னான்: "தண்ணி எங்க தலைக்கு வரலை. வாழைக்குப் போகுது. வாய்க்கா ஓரமாவே நடந்து போய்ப் பாருங்க."

"ஐயையோ, இவனுக்குத் திரும்பிருச்சு" என்றார் வைத்தியர்.

வீரபத்திரன் காகிதத்தை நிதானமாக மடித்தார். "கையெழுத்து உங்களுதுதானே, வைத்தியரய்யா?" என்று கேட்டுவிட்டு, வாய்க்கால் ஓரமாக நடந்தார். பின்னாலேயே வேலியைத் தள்ளிக்கொண்டு ஊர்ப் பெண்கள் நடந்தார்கள். மதில் கதவை இடித்துத் திறந்தார்கள். உள்ளே முந்நூறு வாழை, குலை தாங்காமல் முட்டுக்கொடுத்து நின்றது. சுற்றுவட்டாரத்தில் சோளத்தட்டை கருகிக் கிடந்த வருஷம் அது. பெண்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அதை எழுத முடியாது.

வந்த குடும்பங்கள் வண்டியைத் திருப்பின. பெண்கள் கிணற்றடிக்கு வந்து தங்கள் குடத்தை நிரப்ப ஆரம்பித்தார்கள். காலையில் ஊற்றிய தண்ணீர் அக்காவின் தலையில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஜோதிலிங்கம் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டான்.

"புதுத் துண்டுப்பா, நனைஞ்சிரும்" என்றாள்.

"அதுக்குத்தான் நெய்து கொண்டாந்தேன்" என்றான்.

நான் அழுதேன். அவன் துவட்டி முடிக்கும்வரை கிணற்றில் யாரும் வாளியை இறக்கவில்லை.