காந்தத்தில் ஒட்டிய தோட்டா

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடுதளத்தில், ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை வரிசையில், வேட்டைக்காரி லோர்னாவுக்குப் பின்னால் நின்றபோது திருடிய கதை இது. தளப் பொறுப்பாளர் ஆர்வின் அவள் தோட்டாவின் முனையில் காந்தத்தை வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது.

"இது உள்ள வராதும்மா. புல்லு காஞ்சு கெடக்கு."

(மலிவுத் தோட்டா. உறையும் இரும்பு, குண்டின் மேல்தோலும் இரும்பு. கல்லில் பட்டால் பொறி பறக்கும். பித்தளை உறைத் தோட்டாவில் அவளுக்கு ஒரு பெட்டிதான் கட்டுப்படியாகும். இதில் மூன்று.)

2.

தொடக்கம்: காய்ந்த புல்வெளியின் மீது வெயில்

வேண்டாம். வெயிலை வைத்து எத்தனை பேர்தான் தொடங்குவது? நேராகவே சொல்கிறேன். போன நவம்பரில் லோர்னா சுட்ட மான் பின்னங்காலில் அடிபட்டு ஓடிவிட்டது. இரண்டு நாள் ரத்தத் தடம் பிடித்துத் தேடினாள். கிடைக்கவில்லை. இன்னொரு மானுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் இந்த வருடம் இத்தனை பயிற்சி.

இரும்பு உறை துப்பாக்கியைத் தேய்த்துவிடும் என்று அவள் கணவன் வேட் வாரக்கணக்கில் நச்சரித்தான். அவள் ஒரே தடவைதான் பதில் சொன்னாள்.

"துப்பாக்கி தேஞ்சா வேற வாங்கிக்கலாம் வேட். அந்த மானுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

3.

நவம்பர். சுட்ட இரும்பு உறை துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் சிக்கிக்கொள்ள, எதிரே மான் நிற்க, லோர்னா

இந்த வரியோடு அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பேனாவை வாங்கி, நிதானமாக, குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"பழியத் தோட்டா மேல போடாதீங்க. போன வருசமும் தோட்டா நல்லாத்தான் இருந்துச்சு. விசைய அழுத்தறப்ப நான் கண்ண மூடிட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் உலோகத்தைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

3. (மறுபடியும்)

ஆர்வினிடம் லோர்னா வாதாடவில்லை. இரும்பை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பித்தளையில் ஒரே பெட்டி வாங்கினாள். இருபது தோட்டா. ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதற்கு முன்னால் வெறும் துப்பாக்கியில் ஐம்பது முறை விசையை அழுத்திப் பார்ப்பாள். அவள் கண்ணை வேட் கவனிக்க வேண்டும். முதல் பதினோரு நாளும் "மூடிட்ட" என்றான். பன்னிரண்டாம் நாள் காபியை மட்டும் நீட்டினான்.

4.

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் மான் நின்ற இடத்திலேயே விழுகிறது. மற்றதில் அவள் சுடாமல் திரும்புகிறாள். இரண்டையும் லோர்னா கோடு போட்டு அடித்துவிட்டாள்.

"படிக்கறவங்க கையில குடுத்துடுங்க. கண்ண மட்டும் மூடக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன். இதோ, இருநூறு அடி தூரத்தில் மான் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. விசையில் இருப்பது உங்கள் விரல்.