பத்தில் ஆறு

கிட்ட வாங்க கண்ணுகளா, கணப்புப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். காபி ஆறினால் வேறு ஊற்றிக்கொள்ளலாம். ஐஸ் மேலேயே பிழைப்பு நடத்திய ஒருவன் கதை சொல்கிறேன். நம்ம சவோ ஏரிக்கரைக்காரன்தான், பெயர் தானெலி குவோஸ்மா.

தானெலி ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரன். கோல் போடுகிறவன் பெயரை ஊர் மனப்பாடமாகச் சொல்லும். கோல் விழாமல் காக்கிறவன் பெயர், விழுந்த அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். பத்தொன்பது வயதில் ஊர் அணியில் சேர்ந்தான். நடுவில் இரண்டு வருஷம் அமெரிக்கா போய், பெரிய அணிக்குக் கீழே இருந்த சின்ன அணியில், ஊர் ஊராகப் பஸ்ஸிலேயே காலம் தள்ளினான். ஒரு வருஷம் ஸ்வீடன். மற்றபடி எல்லாம் ஊர் அணிதான். முப்பத்து நான்கு வயதுக்குள் அறுநூற்றுச் சொச்சம் ஆட்டம், இருபத்தேழு கோல், முன்பற்களில் மூன்று காலி. அந்த வருஷம் ஏப்ரலில் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். கழுத்தில் போட்ட வெள்ளிப் பதக்கத்தை அங்கேயே கழற்றி ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தான். இன்னும் ஒரே ஒரு வருஷம் ஆட வேண்டும், தங்கத்தைத் தொட வேண்டும். அவனுக்கு வேறு ஆசை இல்லை. ஒப்பந்தமும் தயாராக, அணி ஆபீஸ் மாடியில் இருந்தது. ஆகஸ்ட் பரிசோதனை முடிந்ததும் கையெழுத்து.

அந்தப் பரிசோதனையில் சைக்கிள் மிதிப்பது, எடை தூக்குவது போகத் தலைக்கென்று ஒன்று உண்டு. பிசியோ மார்கெட்டா பத்து வார்த்தை வாசிப்பாள். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை சொன்னான் என்று குறித்து வைத்துக்கொள்வார்கள். சீசன் நடுவில் எவனுக்காவது தலையில் அடிபட்டால் மறுபடி வாசிப்பார்கள். ஆகஸ்டில் சொன்ன அளவுக்குச் சொன்னால் ஆடலாம், குறைந்தால் வெளியே உட்கார வேண்டும்.

ஆட்டக்காரர்கள் என்ன ஏமாளிகளா? ஆகஸ்டிலேயே வேண்டுமென்று குறைத்துச் சொல்லிவிடுவார்கள். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி நீராவியில் குளிக்கும் சவுனாவில் இதெல்லாம் பகிரங்கமான பேச்சு. ஒருவன் ஐந்து சொல்வான், ஒருவன் ஏழு. தானெலியின் கணக்கு ஆறு. "டேய் ஆறு, கல்லுல தண்ணி ஊத்துடா" என்று கூப்பிடும் அளவுக்கு அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. மீதி நான்கையும் அவன் வீணாக்குவதில்லை. வெளியே நடைபாதையில் ஷூ மாட்டும்போது மனதுக்குள் சொல்லிப் பார்ப்பான். நான்கும் வரிசையாக வரும். பூட்டி வைத்த பெட்டியைத் தட்டிப் பார்த்த மாதிரி ஒரு திருப்தி.

அந்த ஆறு அவனை நான்கு தடவை காப்பாற்றியது. நான்கு தடவை தலையில் பலமான அடி. நான்கு தடவையும் மூன்றாம் நாளே ஆறு சொல்லிவிட்டு ஐஸில் இறங்கினான்.

அந்த ஆகஸ்டிலும் மார்கெட்டா நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். படகு, ஊசி, எலுமிச்சை, கம்பளி, ஏணி, குதிரை, மெழுகுவத்தி, முழங்கை, தேன், பாலம்.

தானெலி கூரையைப் பார்த்தான். "படகு. ஊசி. பாலம்... தேன். குதிரை. கம்பளி." ஆறு ஆனதும் வழக்கம்போல் கையை விரித்தான்.

"பன்னெண்டு வருஷமா ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல," என்றாள் அவள், எழுதிக்கொண்டே. "உன் மண்டைய மியூசியத்துல வைக்கணும்டா."

"உள்ள ஒண்ணுமில்லையே மார்கெட்டா, எப்படித் தேயும்?"

நடைபாதையில் குனிந்து ஷூ மாட்டினான். எலுமிச்சை வந்தது. அடுத்து எதுவும் வரவில்லை. முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். படகு, ஊசி, எலுமிச்சை, கம்பளி, அப்புறம் ஒரு பள்ளம். கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டான். ஜூலையில் தான் விரித்த மீன்வலையைத் தானே ஏரியின் எதிர்ப்பக்கம் போய்த் தேடி, எவனோ திருடிவிட்டான் என்று மனைவி ஹெய்னியிடம் கத்தியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்குள் மூன்று பேர் உள்ளே போய்த் திரும்பிவிட்டார்கள். அவன் உட்கார்ந்தே இருந்தான். இன்றைக்கு அவன் மறைத்தது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் அவனிடம் இல்லவே இல்லை. ஆனால் காகிதத்தில் ஆறு. போன வருஷமும் ஆறு, அதற்கு முந்தின வருஷமும் ஆறு. அந்தக் காகிதத்தை வைத்து இவன் தலையில் ஏதோ குறைந்திருக்கிறது என்று எந்த டாக்டரும் கண்டுபிடிக்க முடியாது.

எழுந்து மாடிப்படி ஏறினான். மேலே பேனா காத்திருந்தது. பாதிப் படியில், தைரியத்துக்காக, அந்த ஏழாவது ஆட்டத்தை நினைத்தான். கடைசி கோல் அவன் பக்கமாகத்தான் போனது. அது நன்றாக ஞாபகம் இருந்தது: மேலேயிருந்து, பக்கவாட்டிலிருந்து, ஒருமுறை மெதுவாகவும். எல்லாம் டி.வி.யில் காட்டியது. ஐஸில் அவன் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்று தேடினான். ஒன்றுமே இல்லை. அடுத்த ஏப்ரலில் தங்கமே கிடைத்தாலும், அதையும் டி.வி. பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

கைப்பிடியைப் பிடித்துத் திரும்பினான். பிறகு கீழே இறங்கினான்.

"வேற பட்டியல் ஒண்ணு வாசிங்க," என்றான் மார்கெட்டாவிடம்.

"எதுக்கு? உன்னுதுதான் முடிஞ்சுதே."

"இத்தனை வருஷமா குறைச்சுச் சொன்னேன். இன்னைக்குக் குறைக்க ஒண்ணும் இல்ல."

அவள் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். "இந்த அணியில புதுசா வர்றவன் மட்டும்தான் பத்து சொல்றான். அதுவும் மொத வருஷம். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? மேல ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன். யாரும் கேக்கல."

புதுப் பட்டியலை எடுத்து, இன்னும் மெதுவாக வாசித்தாள். தானெலி முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக முழு மூச்சுடன் முயன்றான். ஐந்து வந்தது.

"இத எழுதினா நீ மாடிக்குப் போக வேண்டாம்டா," என்றாள் அவள். "தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க."

வீட்டில் ஹெய்னி காளான் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் தானும் லீவு போட்டுவிட்டு வருவதாக மட்டும் சொன்னாள்.

அப்புறம் அவன் ஆடவில்லை. அவன் ஒப்புக்கொண்டது மேலே எட்டியதும், அடுத்த வருஷம் முதல் சோதனையைக் கம்ப்யூட்டரில் வைத்தார்கள். குறைத்துச் சொன்னால் அது கண்டுபிடித்துவிடுமாம். கடைத்தெருவில் பார்த்த பழைய தோழன் ஒருவன், "எங்க எல்லார் கதவையும் சாத்திட்டயேடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். இன்னொருவன் மட்டும், மனைவிக்குத் தெரியாமல், எந்த டாக்டர் என்று போனில் கேட்டான். ஊர் அணி அந்த வருஷம் ஐந்தாவதாக வந்தது. தானெலி அந்த ஆட்டங்களைக் கூட்டத்தோடு நின்று, கையில் சாஸேஜோடு பார்த்தான். போனது திரும்பாது, அடி படாமல் இருந்தால் இருப்பது நிற்கும் என்றார் டாக்டர். வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே போய் வார்த்தை சொல்கிறான். ஒரு தடவை ஏழு, ஒரு தடவை ஆறு. வந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறான்.

நீங்களும் நல்லா இருங்க கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் போன மாதிரியே முழுசாகத் திரும்பி வரட்டும். நல்லது யாருக்கு நடந்ததோ அவர்களுக்கே அது ஞாபகம் இருக்கட்டும்.