மகாராணி மாரிக்கண்ணுவின் இரண்டாம் மனு

1997 ஐப்பசி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, கொழுந்தான்பேரி மாரிக்கண்ணுவின் பாதங்கள் தரையை விட்டு நாலு விரற்கடை உயர்ந்தன. அதே நேரத்தில், பதினெட்டு மைல் தள்ளி, தாலுகா ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் முதியோர் பென்ஷன் பட்டியலை ஏற்றிக்கொண்டிருந்த கிங்ஸ்லி, அவள் பெயருக்கு எதிரே 'காலமானவர்' என்று அடித்து முடித்திருந்தான். செத்தவர் கால் தரையில் பாவாது என்பது தெரிந்த விஷயமாகையால், ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. சுள்ளி பொறுக்கத்தான் அவள் கொஞ்சம் கூடுதலாகக் குனியவேண்டியிருந்தது.

தப்பு அவள் பேரிலும் உண்டு. பட்டியல் சரிபார்க்க ஆள் வந்த அன்று, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு மகாராணி வேடம் கட்டியிருந்தாள். வேடம் கலைக்கும்வரை சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏனென்று கேட்பதில்லை என்பது கொழுந்தான்பேரி வழக்கம். வந்தவர் "மாரிக்கண்ணு யாரு?" என்று மூன்று தடவை கேட்டார். அவள் ஜிகினாக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, "அப்படி ஒருத்தி எம் ராஜ்யத்துலயே கெடையாது வே" என்றாள். அவர் கையிலிருந்த ஃபாரத்தில் இரண்டே கட்டங்கள்: உயிருடன், காலமானவர். மகாராணிக்குக் கட்டம் இல்லை.

பணம் நின்றது. அரிசிப்பானையும் மாத்திரை டப்பாவும் காலியான பிறகு, டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திய பாக்கியவதி டீச்சர் அவளை ஆபீசுக்கு அழைத்துப்போனாள். பஸ்ஸில் மாரிக்கண்ணு நிற்கவுமில்லை, உட்காரவுமில்லை. கண்டக்டர் வெகுநேரம் யோசித்து அரை டிக்கெட் கிழித்தார்.

"செத்ததுன்னு அடிச்சா அடிச்சதுதான் டீச்சர். திருப்ப இதுல வழி கெடையாது" என்றான் கிங்ஸ்லி.

"ஆளு உசிரோட முன்னாலதானலே நிக்கா?"

"எங்க நிக்காவ? மிதக்காவல்லா!"

மாரிக்கண்ணுவுக்குக் கோபம் வந்து இன்னொரு விரற்கடை ஏறினாள். "ஏலே, தீவாளிக்குள்ள துட்டு வரலைன்னா நெசமாவே செத்துருவேன். அப்ப ஒம் பொட்டி என்ன எழுதும்?"

"அதான் ஏற்கெனவே எழுதியாச்சே, ஆச்சி."

பாக்கியவதி பையக் கேட்டாள்: "புது ஆளு சேக்கலாமா?"

"சேக்கலாம்."

"அப்ப எந்திரி லே."

கிங்ஸ்லியின் நாற்காலிக்கு ஐந்து விரற்கடை மேலே மாரிக்கண்ணு உட்கார்ந்தாள். டீச்சர் எழுத்தைக் காட்டக் காட்ட, ஒற்றை விரலால் தன் பெயரை அவளே அடித்தாள். இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் கிங்ஸ்லி இரண்டு டீ குடித்தான். 'உயிருடன்' என்ற இடம் வந்ததும் விரலை எடுக்க மனமில்லாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். பெட்டி ஒருமுறை கீச்சிட்டு ஏற்றுக்கொண்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் மணியார்டர் வந்தது. கால் தரையில் படாதவருக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லாததால், தபால்காரர் குற்றாலலிங்கம் கொடுத்துவிட்டார். ஆனால் பழைய மாரிக்கண்ணு பெட்டிக்குள் செத்தபடியே இருந்ததால், புதியவளால் கீழே இறங்க முடியவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் இதே மாதிரி இன்னும் பதினோரு பேர் எழும்பினார்கள். மாரிக்கண்ணுவே அவர்களை அழைத்துப்போய், எழுத்தைக் காட்டிக் கொடுத்து, பேர் சேர்த்துக் கூட்டிவந்தாள். மழைக்காலத்தில் கொழுந்தான்பேரித் தெருவில் காலில் சேறு படாமல் போகிறவர்கள் பென்ஷன்காரர்கள் மட்டும்தான்.