கேள்வி இல்லாத பதில்கள்

"உன் குரல் ஒரு இடத்துலகூட இருக்கக் கூடாது."

சொன்னவன் கணவன். சாப்பிட்ட தட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கையடக்க ஒலிப்பதிவுக் கருவியையும் மடிக்கணினியையும் மேசையின் குறுக்கே மனைவியின் பக்கம் தள்ளினான். தட்டை எடுக்க வந்த அவள் கை பாதி வழியில் நின்றது.

"ஒரு இடத்துலகூடவா?"

"ஆமா. ஆய்வேடு என் பேர்ல போகுது. அந்த ஒலிப்பதிவெல்லாம் அதோட பின்னிணைப்பு. அதுல கேள்வி கேக்கறது ஒரு பொம்பளைன்னா தேர்வாளர் என்ன நினைப்பாங்க?"

"நான்தான் கேட்டேன்னு நினைப்பாங்க."

"பாத்தீங்களா இந்த வாயை!" என்று அடுக்களை வாசலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "படிச்சதைக் கொண்டாந்தா பதிலுக்குப் பதில் பேசிக்கிட்டே நிக்கும்னு நான் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா?"

மாமனார் செய்தித்தாளை நான்காக மடித்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளியைவிட்டு வந்து ஆறு ஆண்டுகளாகியும் தெருவே அவரைத் தலைமையாசிரியர் என்றுதான் அழைத்தது; வீட்டிலும் அவர் பதவி விலகவில்லை.

"இதுல முகத்தைத் தூக்கி வச்சுக்க என்னம்மா இருக்கு? கேள்வி போனா போகட்டும். பதில்தானே முக்கியம்?"

அவருடைய சட்டைப் பையில் ஓர் அழைப்பிதழ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்கல்வி விழா. தலைமையுரை அவருடையது.

இப்படிப்பட்ட மேடை ஒன்றில்தான் அவர் அவளைக் கண்டெடுத்தார். கிழக்கு, தென்கிழக்கு ஆசியப் பண்பாட்டியல் முதுகலையில் முதலாண்டின் முதல் பரிசை அவருடைய கையாலேயே வாங்கினாள். அதே வகுப்பில் அவருடைய மகன், மொழித் தாளில் இரண்டாம் முறையும் தவறிவிட்டு, கடைசி வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தான். தலைமையாசிரியர் பார்த்தார், கணக்குப் போட்டார். ஒரு குண்டுமணி நகைகூட வேண்டாம் என்று பெண் வீட்டாரிடம் சொன்னார். ஊர் புகழ்ந்தது. உண்மைதான், அவர் வரதட்சணையாகப் பொன்னை வாங்கவில்லை. மூளையை வாங்கினார்.

திருமணமான மூன்றாம் வாரம் ஒரு காகிதம் அவள்முன் வைக்கப்பட்டது. ஓராண்டுப் படிப்பு விடுப்புக்கான விண்ணப்பம். "முதல்ல அவன் முடிக்கட்டும், அப்புறம் நீ முடி" என்றார் மாமனார். கணவனைவிட மனைவி ஒரு படி கீழே நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் அச்சேறவில்லை. ஆனால் அச்சேறாத அந்தச் சட்டத்துக்குத்தான் இந்தச் சமுதாயத்தில் வீட்டுக்கு வீடு நீதிபதி இருக்கிறார், வாதாட வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை. அவள் கையெழுத்திட்டாள்.

பிறகு களப்பணி. பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்து அவனை நான்கு மாதம் சுமத்ராத் தீவின் மேற்குப் பகுதிக்கு அனுப்பியது. அவள் துணைக்குப் போனாள். தாள்களில் அப்படித்தான் இருந்தது. முதல் வாரம் அவனுக்கு வயிறு சரியில்லை. இரண்டாம் வாரம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து காரணம் தேவைப்படவில்லை, பழகிவிட்டது. அவன் விடுதியில் தூங்கினான். அவள் மழையில் நடந்து, வீடு வீடாக ஏறி, அந்த மக்களின் பேச்சை நாவில் பழக்கி, இருபத்திரண்டு பெண்களிடம் கேள்வி கேட்டாள். மழை வலுத்த நாட்களில் பலர் அவளுடைய விடுதி அறைக்கே வந்து பேசினார்கள்.

எதைப் பற்றி என்று கேளுங்கள். அங்கே மினாங்கபாவ் மக்களிடையே மரபு வீடும் மரபு வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. மணம் முடித்தவன் மனைவியின் வீட்டுக்கு விருந்தாளி. அந்த உரிமையைப் பற்றி இருநூற்றுப் பத்துப் பக்கம் அவள் எழுதினாள். முகப்பில் அவன் பெயர். நன்றியுரையில் வழிகாட்டிக்கு, தந்தைக்கு, தாய்க்கு, தட்டச்சு நிலையத்துக்கு எல்லாம் நன்றி இருந்தது.

அவள் தட்டை எடுத்துக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்.

"மாமா, வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோட என் விடுப்பு முடியுது. அதுக்குள்ள திரும்பச் சேரலைன்னா இடம் போயிரும்."

"வெள்ளிக்கிழமைதானே அவனுக்கு வாய்மொழித் தேர்வு? அதுல கவனம் வைம்மா." தலைமையாசிரியர் சிரித்தார். "அப்புறம் யோசிச்சுப் பாரு. ஒரே வீட்ல ஒரே பட்டம் ரெண்டு எதுக்கு? வண்டி மாடு மாதிரி ரெண்டு பேரும் ஒரே உசரத்துல நின்னா, ஓட்டறது யாரு?"

"வண்டிக்கு ரெண்டு மாடும் ஒரே உசரம் இருந்தாத்தான் மாமா நேரா போகும்."

கணவன் கொட்டாவி விட்டான். "வண்டி எப்படியோ போகட்டும். குரலை எடுத்துடு. நானே எல்லா கேள்வியையும் திரும்பப் பேசி ஒட்டியிருப்பேன். ஆனா அந்த மொழி வாயில நுழைய மாட்டேங்குது."

அவள் அழவில்லை. இந்த வரியை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் அவள் எங்கும் அழப்போவதில்லை. ஓராண்டாக நெஞ்சில் மூடி வைத்திருந்த நெருப்பை அந்த நொடியில்தான் அவள் முழுதாகத் திறந்து பார்த்தாள். எங்கே வைப்பது என்றும் அப்போதே தெரிந்தது.

"சரிங்க. என் குரலை எடுத்துடறேன். வேற யார் குரலையும் தொடலாமா?"

"எதுக்கு? உன்னோடது மட்டும்."

"மாமா?"

"உன்னோடது மட்டும் போதும்மா. மத்ததெல்லாம் ஆதாரம். ஆதாரத்துல கை வைக்கக் கூடாது."

மூன்று நாள், மதியச் சமையல் முடிந்த பிறகு, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அவள் வேலை செய்தாள். மூலப் பதிவுகளை முதலில் ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்தினாள். பிறகு தன் கேள்விகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். தன் சிரிப்பை வெட்டினாள். தொண்டையைச் செருமியதைக்கூட விடவில்லை. எடுத்த இடங்களை ஒட்டாமல், பின்னணி ஒலி மட்டும் கேட்கும்படி அப்படியே விட்டாள். ஓட்டு மேல் விழுந்த மழையின் இரைச்சலைக் குறைத்துத் தந்தாள். மழை அடங்கவே, மழைக்குப் பின்னால் இதுவரை ஒளிந்திருந்த ஓர் ஒலி துலக்கமாக எழுந்து வந்தது. அதை அவள் தொடவில்லை. அது அவளுடைய குரல் அல்லவே.

கணவன் ஐந்து நிமிடம் கேட்டுச் சோதித்தான். பெண்கள் பேசினார்கள், மனைவியின் குரல் இல்லை. நிறைவாகத் தலையாட்டியவன் சற்றே நெற்றியைச் சுருக்கினான்.

"பின்னாடி என்ன அது, கர்ர் கர்ர்னு?"

"அங்க கேட்ட சத்தம்ங்க. எடுத்துடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்று குறுக்கிட்டார் தலைமையாசிரியர். "இருக்கட்டும். ஏதோ மரம் அறுக்கற சத்தம் போல. களத்துக்குப் போய்ப் பதிவு செஞ்சதுக்கு அதானே அடையாளம்?"

உலகத்தில் எந்த மனிதனும் தன் குறட்டையைத் தான் கேட்டதில்லை. பெற்றவருக்கும் அந்த அறையில் அது விளங்கவில்லை. விளங்கிய ஒருத்தி குனிந்து மடிக்கணினியை மூடினாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. துறையின் கருத்தரங்க அறையில் நாற்பது பேர். முன்வரிசையில் தலைமையாசிரியர், சலவை மடிப்புக் கலையாத சட்டையில். பக்கத்தில் மாமியார், மடியில் தேநீர்க் குடுவையோடு. அறையின் ஓரத்தில், கணினிக்கு முன்னால், படங்களை மாற்றும் வேலைக்கு அவள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஐம்பதைக் கடந்த பெண்மணி. தென்கிழக்கு ஆசிய மொழிகளில் முப்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவர். ஆய்வேட்டை அவர் புகழ்ந்தார். "இந்த அஞ்சாவது இயல் மாதிரி ஒண்ணை மாணவர்கள்கிட்ட நான் ரொம்ப நாளா பாக்கல" என்றார். தலைமையாசிரியரின் தோள்கள் விரிந்தன. கணவன் அடக்கமாகத் தலை குனிந்தான். திருட்டுப் பொருளுக்கும் அடக்கம் பொருந்தத்தான் செய்கிறது.

"விதிப்படி ஒரு பதிவைக் கேக்கணும்" என்றார் தேர்வாளர். "ஏதாவது ஒண்ணு. பதினேழு போடுங்க. நீங்க கேட்டுக்கிட்டே தமிழ்ல சொல்லுங்க."

அவள் பதினேழாம் எண்ணைத் தட்டினாள்.

ஒரு பெண் குரல் உற்சாகமாக எழுந்தது. பேசியது. நின்றது. நீண்ட மௌனம். அந்த மௌனத்தின் அடியில் சீராக, ஆழமாக, ஏறி இறங்கி, கர்ர்... கர்ர்... பிறகு அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள். மறுபடி பேசினாள்.

"சொல்லுங்க" என்றார் தேர்வாளர்.

கணவன் தொண்டையைச் சரிசெய்தான். "இவங்க ஒரு பெரிய வீட்டுக்குச் சொந்தக்காரங்க. நிலம் தாய் வழியா எப்படி வருதுன்னு விளக்கறாங்க."

"உபிக், உபிக்னு நாலு தடவை கூப்பிட்டாங்களே. அது யாரு?"

"அது... அவங்க பேரன் மேடம்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மகள் மாதிரி இருக்கற பொண்ணைத்தான் அங்க அப்படிக் கூப்பிடுவாங்க. உங்களை எதுக்கு அப்படிக் கூப்பிட்டாங்க?"

கணவன் ஆய்வேட்டைப் புரட்டினான். பதிவு கர்ர் என்றது.

"சரி, நானே சொல்றேன்." தேர்வாளர் பதிவைப் பின்னோக்கி ஓட்டச் சொல்லி, வரி வரியாக நிறுத்தி, உணர்ச்சியே இல்லாத குரலில் மொழிபெயர்த்தார். "'வா மகளே, இன்னைக்கும் நனைஞ்சுக்கிட்டு நீ மட்டுமா வெளியே போயிட்டு வந்தே? நான்தான் உன் விடுதிக்கே வந்துட்டேனே, வா, இங்கேயே உக்காரு.' அடுத்து மௌனம். 'அந்தக் கட்டில்ல குறட்டை விடறது யாரு? உன் வீட்டுக்காரரா?' மௌனம். சிரிக்கறாங்க. 'அப்ப கேக்கறதும் எழுதறதும் நீ, தூங்கறது அவரா? எழுப்பாதே, விடு. எங்க ஊர்லயும் ஆம்பளை மனைவி வீட்டுக்கு விருந்தாளிதான். விருந்தாளி தூங்கலாம், தப்பில்லை. ஆனா எழுந்திரிச்சு வீட்டு மேல தன் பேரை எழுதிக்க முடியாது.'"

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மாமியாரின் மடியிலிருந்து குடுவை உருண்டது. அந்த ஏறி இறங்கும் ஒலியை இருபத்தைந்து ஆண்டு கேட்டே அவனை வளர்த்தவள் அவள். அவளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "ஐயோ, இது நம்ம புள்ளையோட குறட்டையாச்சே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நாற்பது பேரும் கேட்டார்கள்.

"கேள்விகள் எங்கே?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

கணவன் அறையின் ஓரத்தைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குத் தீர்ப்பு வந்தது. ஆய்வேடு ஏற்கப்படவில்லை, ஆசிரியர் யார் என்பது குறித்து விசாரணை. நடைக்கூடத்தில் தலைமையாசிரியர் அவளை மறித்தார். பல ஆண்டு மாணவர்களை நடுங்கவைத்த விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியே! உன்னை என்ன செய்யச் சொன்னேன், நீ என்ன செஞ்சு வச்சிருக்கே?"

"நீங்க சொன்னதை மட்டும்தான் செஞ்சேன் மாமா. ஒரு இடத்துலகூட என் குரல் இல்ல. ஆதாரத்துல கை வைக்கல. வேணும்னா இன்னொரு தடவை போட்டுக் கேளுங்க." அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை பேச்சுக்கும் உதவும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த கணவன் நிமிர்ந்தான். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, அந்தப் பொம்பளை என்ன பேசறான்னு?"

"நீங்க கேக்கலையே. கேள்வி போனா போகட்டும்னு இருந்துட்டீங்க."

பதிவாளர் அலுவலகச் சாளரம் மூட இருபது நிமிடம் இருந்தது. எழுத்தர் படிவத்தை வெளியே தள்ளினார். அவள் நின்றபடியே நிரப்பினாள். பெயர், பதிவெண், விடுப்பு எடுத்ததற்கான காரணம். அதில் 'கணவர் படித்தார்' என்று எழுதினாள். அடுத்த கட்டம், விடுப்புக் காலத்தில் செய்த கல்விப் பணி. 'ஓர் ஆய்வேடு எழுதினேன், கணவர் பெயரில்' என்று எழுதி, பென்டிரைவை அதன்மேல் வைத்து நீட்டினாள்.

எழுத்தர் படித்தார். இருமுறை படித்தார். சாளரத்தின் வழியே குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இப்படி எழுதிக் குடுத்தா விசாரணை உங்க மேலயும் வரும். இந்த ஒரு வரியை அடிச்சிட்டுக் குடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"விசாரணைன்னா என்னைக் கூப்பிட்டு உக்காரவச்சு, கேள்வி கேப்பாங்க இல்ல?"

"கேப்பாங்க."

"நான் சொல்றதைப் பதிவு செய்வாங்க இல்ல?"

"ஒரு வார்த்தை விடாமப் பதிவு செய்வாங்கம்மா."

"அப்ப அடிக்க வேண்டாம். முத்திரை வைங்க."