வாகை மரத்தில் ஒரு புதன்கிழமை

இடது கை இடுப்புக் குழந்தையைப் பிடித்திருக்க, வலது கையால் இளஞ்சியம் தங்கள் விறகுக்கடையில் விறகை நாள் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மரத்தைப் பிளந்தால் அதற்குள் இருக்கும் நாட்கள் வெளியே வரும். வந்து, சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். போனாலும் நாளின் குணம் விறகில் தங்கிவிடுவதால் கண்டபடி கலந்து அடுக்க முடியாது. மழை நாள் விறகு டீக்கடைக்கு ஆகாது, தண்ணீர் கொதிக்காது. கல்யாண நாளைச் சமையல்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். சாவு விழுந்த நாட்களைச் செங்கல் சூளைக்குத் தள்ளிவிட வேண்டும். வீட்டு அடுப்புக்குக் கொடுத்தால் சோறு வடித்த பிறகும் அழுகை அடங்கவில்லை என்று திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள்.

இதுவரை எல்லாம் கோடாலி வேலைதான். இப்போது அவள் வீட்டுக்காரன் அடைக்கலத்துக்குத் தோள்பட்டை இறங்கிப்போய், இனிமேல் கோடாலியைத் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே கறவை மாட்டை விற்றார்கள். அந்த ஒரு மாட்டின் விலைக்குள் அடங்குகிற விறகு மெஷினாகப் பார்க்க வேண்டும்.

அதே வாரத்தில்தான் டிராக்டரில் அந்த வாகை மரம் வந்து இறங்கியது. மேலத்தெருப் பள்ளிக்கூடத்தின் ஜன்னலை ஒட்டி நின்ற மரம். மழையில் சாய்ந்துவிட்டது. பட்டையிலிருந்து உள்ளே எண்ணினால் பதினாறாவது வளையத்தில் இளஞ்சியத்தின் ஐந்தாம் வகுப்பு இருந்தது. கடைசியாக அவள் பள்ளிக்கூடம் போன புதன்கிழமையும் அதில்தான் இருந்தது.

அன்றைக்குச் சொர்ணம் டீச்சர் பலகையில் ஒரு தென்னை மரம் வரைந்தார். மட்டையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்த தென்னை. வரைந்துவிட்டுத் திரும்பி, "காத்து ஏன் வீசுதுன்னா" என்றார். அப்போது வாசலில் சைக்கிளோடு சின்னமாமா வந்து நின்று இளஞ்சியத்தைக் கூப்பிட்டார். வீட்டில் தம்பி பிறந்திருந்தான். அம்மா வயல்வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு போகவில்லை.

காற்று ஏன் வீசுகிறது என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அடைக்கலத்திடம் கேட்கலாமென்று வாய் வரைக்கும் வந்தது. வெட்கமாக இருந்தது. துணியை மடித்தாள்.

மெஷின் கடை டவுனில் இருந்தது. நடத்துகிறவள் ரீத்தம்மாள். ஐம்பது வயதிருக்கும், ஆண்கள் மாதிரி காதுக்குப் பின்னால் பேனா சொருகியிருப்பாள்.

"வாப்பா அடைக்கலம். கோடாலியக் கீழ போட்டுட்டேன்னு, மாட்ட வித்துட்டேன்னு கேள்விப்பட்டேன். இது யாரு, வீட்டுக்காரியா? வா தங்கம், புள்ளைய இப்படிக் குடு. கை கடுக்கப்போவுது."

இளஞ்சியம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைகிற மாதிரி நின்றுகொண்டாள்.

முதலில் செயின்சா. ரீத்தம்மாளின் ஆள் ஒருவர் கயிற்றை இழுத்துக் கிளப்பி, ஒரு முந்திரிக் கட்டையை அறுத்துக் காட்டினார். ஒரு காதுகுத்து விருந்து வெளியே வந்தது. இலை போட்டார்கள். சாம்பார் வந்தது. அடுத்து மோர் வந்தது.

"நடுவுல ரசத்தக் காணுமேக்கா" என்றான் அடைக்கலம்.

"செயின் ஒரு விரக்கடை கனம்ப்பா. அந்தக் கனத்துக்கு எது இருக்கோ அது தூளாயிரும். வெறகு விக்கிறவனுக்கு ரசம் எதுக்கு? பெட்ரோல ஊத்திக்கிட்டு எந்தத் தோப்புக்கும் போவலாம். தூளையும் வீணாக்க வேணாம், கோழிக்கூட்டுக்குக் கேக்குறாங்க. என்ன ஒன்னு, அந்தச் சேவல் ஒரு நாளைக்கு மூனு தடவை விடிஞ்சிருச்சுன்னு கூவும்."

அடைக்கலத்துக்குப் பிடித்துவிட்டது. தோளுக்குப் பாரமில்லை, கூலிக்கும் மரம் அறுக்கப் போகலாம், மாட்டுப் பணத்தில் கொஞ்சம் மிச்சமும் நிற்கும். இளஞ்சியம் தரையில் தூளாகக் கிடந்த ரசத்தைப் பார்த்தாள். ரசத்துக்குப் பதிலாகக் காற்றுப் பாடம் அந்த விரக்கடைக்குள் இருந்தால்?

அடுத்து வட்ட ரம்பம், பழசு, ஒரு கை மாறி வந்தது. மேசை மேல் வைத்துத் தள்ளினால் நூல் பிடித்த மாதிரி நேராக அறுக்கும். புளியங்கட்டை ஒன்று இரண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டில் ஒரு பெண், "சாப்டீங்களா?" என்று கேட்டாள். மறு துண்டில் ஒரு ஆண், "இன்னும் இல்ல" என்றான். இரண்டு துண்டையும் எவ்வளவு நெருக்கி வைத்துப் பார்த்தும் அவன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரீத்தம்மாள் அந்தத் துண்டின் மேல் ஒரு சாக்கைப் போட்டாள்.

மூலையில் இன்னொன்று இருந்தது. பம்பரத்தைப் படுக்க வைத்தது போல ஒரு இரும்புக் கூம்பு, அதைச் சுற்றித் திருகு மரை, பின்னால் ஒரு மோட்டார்.

"இது அறுக்காது, பிளக்கும்" என்றாள் ரீத்தம்மாள். "கட்டைய நீட்டுனா உள்ள திருகிப் போயி, மரத்தோட நரம்பு எப்படி ஓடுதோ அப்படியே விரிச்சு விட்டுரும். ஒரு சிட்டிகை தூள் விழாது. வீட்டுக் கரண்டே போதும். முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டுத்தான் கிட்ட நிக்கணும், அது முக்கியம். வெலையும் உன் மாட்டுக்குச் சரியா நிக்கும். ஆனா ஒன்றரை அடிக்கு மேல நீளமிருந்தா ஏத்துக்காது. துண்டு போட்டுக் குடுக்கணும்."

"துண்டு போட முடியாமத்தான உங்ககிட்ட வந்தேன்? செயின்சாவையே போடுங்கக்கா."

"அது வேணாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ரீத்தம்மாளின் இடுப்பிலிருந்த குழந்தையும் திரும்பியது. இளஞ்சியம் தூணைப் பிடித்துக்கொண்டாள். கடையில் அவள் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை.

"ஏன் புள்ள?"

"அந்த வாகை மரத்துல, நான் அஞ்சாப்போட நின்னப்ப நடந்த பாடம் பாதியில நிக்குது. காத்து ஏன் வீசுதுன்னு. அது தூளாப் போயிரும்."

"காத்துன்னா வீசத்தான செய்யும்?"

"அதான், ஏன்னு."

"தெரியல புள்ள" என்றான் அடைக்கலம்.

"எனக்கும் தெரியாது" என்றாள் ரீத்தம்மாள். "நான் பத்தாவது வரைக்கும் போனேன். அன்னைக்குன்னு பாத்து லீவு போட்டுட்டேன்."

செயின்சாவைத் துடைத்துக்கொண்டிருந்தவரும் தனக்குத் தெரியாது என்று தலையாட்டினார்.

"சரி, துண்டு எப்படிப் போடுறது?" என்று கேட்டான் அடைக்கலம்.

இளஞ்சியம் இதை மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தாள். "நம்மகிட்ட இழுப்பு வாள் இருக்குல்ல. அது மெலிசு. இந்தப் பக்கம் நான் இழுக்குறேன், அந்தப் பக்கம் நீங்க நல்ல தோளால இழுங்க. மரத்துல ஞாயித்துக்கிழமை இருக்குற எடமாப் பாத்து அறுப்போம். ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் கெடையாது."

ரீத்தம்மாள் காதிலிருந்த பேனாவை எடுத்தாள். "இவ்வளவு கணக்குப் போடுறவள எதுக்குப்பா அஞ்சோட நிப்பாட்டுனாங்க?" என்று கேட்டுக்கொண்டே கூம்புக்குப் பில் எழுதினாள்.

வருஷங்கள் வளையமாக இருந்தாலும் கிழமைகள் மரத்தின் நீளத்தில்தான் வரிசையாக இருக்கும். அதில் ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காதை வைத்தால் மணியடிக்காத இடம். இருவரும் வாளைப் பிடித்து இழுத்தார்கள். எண்ணெய்க் குளியலும் கறிக்குழம்பு வாசமும் தூளாகக் காலடியில் விழுந்தன. தோள் வலித்தபோது அவன் நின்றான், அவள் காத்திருந்தாள். இரண்டு நாளில் ஏழு துண்டு போட்டார்கள். ஒரு பள்ளிக்கூட நாள்கூடச் சேதமில்லை.

மூன்றாம் நாள் கரண்ட் வந்ததும் இளஞ்சியம் முந்தானையை இழுத்துச் சொருகினாள். நாலாவது துண்டை அடைக்கலம் கூம்பில் கொடுத்தான். மரம் முனகிக்கொண்டு நரம்போடு விரிந்தது. புதன்கிழமை முழுதாக வந்தது.

விறகுக்கடை நடுவில் பெஞ்சுகள் நின்றன. ஈரச் சாக்பீஸ் வாசம் அடித்தது. யாரோ யாரையோ பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். அவள் மறந்தே போயிருந்த ஒருத்தி, வாயில் புளியங்காயை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பெஞ்சில், சட்டைக்கு ஊக்கு குத்தி, இளஞ்சியம் இருந்தாள். பத்து வயது. டீச்சர் தென்னை மரத்துக்குக் கடைசி மட்டையை வரைந்துகொண்டிருந்தார்.

இளஞ்சியம் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் அவளை ஒரு தடவை பார்த்தார். வருகைப் பதிவேட்டில் ஏதோ திருத்தினார். பிறகு கையைத் தட்டித் தூசியை உதறினார்.

"காத்து ஏன் வீசுதுன்னா" என்றார்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "ஏ இளஞ்சியம்" என்று சின்னமாமா கூப்பிட்டார்.

மூன்றாவது பெஞ்சில் சின்னவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பெரியவள் போய் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீ இரு. நான் போறேன்."

"மாமா திட்டுவாரே."

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன். நீ நல்லாக் கேட்டுக்க. நோட்டுல எழுதி வச்சுக்க."

அடைக்கலம் மெஷினை நிறுத்தினான். "எப்ப வருவ?"

"தம்பி நடக்குற வரைக்கும் பாத்துக்கணும். நடந்துட்டான்னா வந்துருவேன். இவளையும் தூக்கிட்டுப் போறேன், ஒன்னோட ஒன்னா வளந்துரும்."

"தோசை மாவு?"

"சட்டியில இருக்கு. மூனு நாளைக்கு வரும்."

அவன் சரியென்று அடுத்த துண்டைப் புரட்டி வைத்தான்.

"எவ்வளவு நேரம்டி, ஏறு" என்றார் சின்னமாமா. அவள் உயரத்தைப் பற்றியோ இடுப்புக் குழந்தையைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் இருத்திக்கொண்டாள். உள்ளே டீச்சர், "எங்க விட்டேன்? ஆங், காத்து" என்றார். சின்னவள் கன்னத்தில் கை வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு முன்னால் சாய்ந்தாள். "காத்து ஏன் வீசுதுன்னா, மொதல்ல வெயிலு தரையில பட்டு" என்று டீச்சர் சொல்ல, மாமா, "கெட்டியாப் பிடிச்சுக்க, வளைவு வருது" என்று திரும்பிச் சத்தம் போட, இளஞ்சியம் அவருடைய சட்டையை ஒரு கையால் பற்றியபடி தலையை மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பிக் காதைக் கொடுத்தாள்.