பூவம்மாவின் கை

வாயில் குழாயோடு ஒரு மனுஷனை எழுப்பி நிற்க வைப்பார்களா, இது என்ன கூத்து, மூச்சே மெஷின் விடுகிற மூச்சு, அந்தக் குழாய் நழுவிவிட்டால்... பூவம்மா கட்டிலுக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டாள். அவள் புருஷன் ரத்னவேலை ஐசியூ கட்டிலோரம் கால் தொங்க உட்கார வைத்திருந்தார்கள், ஒரு பக்கம் தாதி, மறுபக்கம் உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோ நஃபீசா. அந்தக் கால்களா இவை? வீடு இருக்கிற பூன் லேயிலிருந்து ரயிலேறித் தேக்கா சந்தைக்குப் போனால் ஒரு நாளாவது இவளோடு சேர்ந்து நடந்ததுண்டா, எப்போதும் நாலடி முன்னால், கூப்பிட்டாலும் திரும்பாத மகராசன், நிமோனியா வந்து விழுந்ததும் கால் இரண்டும் முருங்கைக்காயாய் இளைத்துவிட்டனவே. “படுத்தே கிடந்தா சதை கரைஞ்சிடும் ஆன்ட்டி, மூச்சு விடுற சதையும்தான். அப்புறம் மெஷினை எடுக்கிறது கஷ்டம் லா” என்று நஃபீசா போன வாரமே சொன்னாள். பூவம்மாதான், பாவம்மா, இன்னிக்கு வேணாம், தூங்கட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டாள். நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும், அதுதானே அவளுக்குத் தெரிந்த வைத்தியம்? அவர் லேசாக அசைந்தால் போதும், மயக்க மருந்தில் பேச்சு ஏறாதே என்று, முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்குவாள், படுங்க, படுங்க... உடனே அடங்கிவிடுவார். ஆயுசில் முதல் தடவையாக இந்த மனுஷன் என் பேச்சைக் கேட்கிறார் என்று, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

“எழுந்திரிங்க அங்கிள்!” எழுந்தார், எழுந்தேவிட்டார்! முழங்கால் வெடவெடத்தது, மெஷின் கத்தியது, நஃபீசா இடுப்புப் பட்டியை இறுக்கிப் பிடித்தாள், ஐயோ பார்த்து, பார்த்து என்று பூவம்மாவின் கை தானாக உயர்ந்தது, தாங்கத்தான் உயர்ந்தது... அவர் கண் அந்தக் கையைப் பார்த்தது. முழங்காலை மடக்கி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டார்.

“பலம் இருக்கு, ஏன் உட்கார்ந்துட்டார்னு தெரியலையே. இன்னொரு வாட்டி டிரை பண்ணலாமா ஆன்ட்டி?”

ஏன் என்று பூவம்மாவுக்குத் தெரிந்தது, இத்தனை நாள் படுங்க, படுங்க என்று இறக்கிய கை அல்லவா இது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். “பண்ணும்மா.” அவர் நஃபீசாவைப் பார்க்கவில்லை, இவள் தோளைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், அந்தக் கை எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டே இருந்தார். எழுந்தால் மறுபடியும் நாலடி முன்னால் போய்விடுவார், திரும்பியே பார்க்க மாட்டார்... போகட்டுமே, போகட்டும் என்றுதான் மனசு சொன்னது. கையை நம்பத்தான் பயமாக இருந்தது.